இலைக் கம்பெனி அத்தாவுல்லா

அத்தாவுல்லா பாயின் மூக்கைப் பற்றித் தண்டையார்பேட்டையில் எங்கள் தெரு முழுக்கத் தெரியும். சாயங்காலம் காற்று வடக்குப் பக்கம் திரும்பி ஒரு நெடி வந்தால், ஜன்னலைச் சாத்துவதற்கு முன்னால் நாங்கள் அவர் வீட்டு வாசலைத்தான் பார்ப்போம். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே வருவார். கண்ணை மூடி இரண்டு தடவை உறிஞ்சிப் பார்ப்பார். "கந்தகம்பா. கண்ணு எரியும், வேற ஒண்ணும் ஆவாது" என்பார். இல்லாவிட்டால், "அமோனியா மாறி கீது. புள்ளைங்கள உள்ள இஸ்துக்கோ, மூஞ்சிக்கு ஈரத்துணி வையி" என்பார். டிவிக்காரர்கள் மைக்கைத் தூக்கிக்கொண்டு வருவதற்குள் நாங்கள் மூக்கைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

அந்த மூக்கு சும்மா வந்ததில்லை. மணலியில் ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் இளமைக்காலம் பூராவும் ஆபரேட்டராக இருந்தவர். குழாயில் எது ஓடுகிறது என்று போர்டைப் பார்த்துச் சொல்கிறவர்கள் ஒரு ரகம், மோந்து பார்த்துச் சொல்கிறவர்கள் இன்னொரு ரகம். பாய் இரண்டாவது ரகம். நாற்றம் வந்தால் ஓடு, நாற்றம் இல்லாவிட்டால் உட்கார்ந்து டீ குடி. அவர் கற்றுக்கொண்ட கெமிஸ்ட்ரி மொத்தமும் இதுதான். அதை வைத்துக்கொண்டு உடம்பில் ஒரு கீறல் இல்லாமல் வெளியே வந்தார். சர்க்கரை வியாதி மட்டும் கூடவே வந்தது. அதைத் தொழிற்சாலை கொடுக்கவில்லை, அவர்கள் குடும்பச் சொத்து.

அந்தத் தொழிற்சாலை மூடிய பிறகு வீட்டில் உட்கார்ந்திருந்தார். ஆம்பிளை வீட்டில் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்பது அவர் மனைவி அஜீசுன்னிசாவைக் கேட்டால் தெரியும். குழம்பு கொதிக்கும்போதே, "வெங்காயம் கருவுது" என்று ஹாலில் இருந்து குரல் வரும். அவர்கள் வீட்டு மாடியில் குடியிருக்கிற எனக்கே கேட்கும். அதனால் சாத்தாங்காட்டுப் பக்கம் ஒரு ஷெட்டில் வேலை கிடைத்தபோது எங்கள் எல்லோருக்குமே நிம்மதி.

ஷெட்டின் முதலாளி செங்கொடி. வியாசர்பாடிப் பெண், இன்ஜினியரிங் படித்தவள், முப்பது வயசு இருக்காது. வெள்ளியைக் கண்ணுக்குத் தெரியாத பொடியாக்கித் தண்ணீரில் மிதக்கவிட்டு விற்கிறாள். நானோ வெள்ளி என்று பெயர். காயத்துக்குக் கட்டும் துணியில், காலுறையில் அதை ஏற்றினால் கிருமி அண்டாதாம். எல்லோரும் அதை எரிகிற, நாறுகிற மருந்துகளைப் போட்டுச் செய்வார்களாம். இவள் கொய்யா இலையைப் போட்டுச் செய்கிறாள்.

முதல் வாரம் முடிந்து பாய் மாடிக்கு ஏறி வந்தார். முகத்தில் அப்படி ஒரு குழப்பம்.

"இன்னா கம்பெனின்னே புரிலப்பா எனக்கு. காலைல மூட்டை மூட்டையா கொய்யா எலை வருது. கழுவுறோம், நறுக்குறோம், அண்டால போட்டுக் கொதிக்க வெக்கிறோம், துணில வடிகட்டுறோம். பொறவு ஒரு பாட்டில்லேர்ந்து தண்ணி மாறி ஒண்ண மெள்ள ஊத்துறோம். மஞ்சளா கீறது டீயாவுது, டீ கஷாயமாவுது. அவ்ளோதான் வேல! அதுக்குள்ள வெள்ளி கீதாம்."

"இருக்கும் பாய்."

"எங்க கீது? கண்ணுல காட்டும்மான்னு அந்தப் பொண்ணக் கேட்டேன். தலமயிர ஆயிரம் கூறு போட்டா அதுல ஒரு கூறு அளவுக்குன்னு சொல்லுது. அப்ப நான் இன்னாத்தப் பாத்துக்கினு வேல செய்யறது? பொகை இல்ல, சைரன் இல்ல, நாத்தம் இல்ல. கம்பெனியா, நாட்டு மருந்துக் கடையான்னே தெர்ல."

பசுமைத் தொழில் என்று யாராவது ஆரம்பித்தாலே எனக்கு எரிச்சல் வரும். எங்கள் பக்கத்தில் எந்தத் தொழிற்சாலையின் மதிலைப் பார்த்தாலும் மரமும் மயிலும் வரைந்திருப்பார்கள். மதிலுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று பாயின் மூக்கைக் கேட்டால் போதும். ஆனால் பாயே வந்து இங்கே நாற்றம் இல்லை என்று சொல்லும்போது நான் என்ன சொல்ல? நல்ல இடம்தான் போலிருக்கிறது என்றேன். மனசாரத்தான் சொன்னேன்.

ஷெட்டில் கிளவுஸ் கொடுத்திருந்தாள் செங்கொடி. பாயும் முதலில் போட்டுக்கொண்டார். சென்னை வெயிலில், கொதிக்கும் அண்டாவுக்குப் பக்கத்தில், ரப்பர் உறைக்குள் கை வெந்துபோனது. அப்போதுதான் ஷெட்டைப் பார்க்க ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். சட்டை கசங்காத, பணம் போட வருகிற ஆட்கள். வருகிறவர்களிடமெல்லாம் செங்கொடி சந்தோஷமாகச் சொல்வாள். "இங்க கெமிக்கலே கிடையாது சார். இலையும் தண்ணியும்தான்." ஒவ்வொரு தடவையும் பாய் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். இலைக்கும் தண்ணீருக்கும் எதற்குக் கிளவுஸ் என்று அவருக்குத் தோன்றியது. ஆணியில் மாட்டிவைத்துவிட்டார். அவள் பாதி நேரம் போனிலும் வெளியிலும் இருந்ததால் கவனிக்கவில்லை.

அந்தப் பாட்டிலிலிருந்து ஊற்றும்போது அதன் வாயோரம் சொட்டும். அவர் விரலால் வழித்துவிட்டு, தோளில் கிடக்கும் துண்டில் துடைத்துக்கொள்வார். மோந்து பார்த்தார், ஒன்றும் இல்லை. கையில் எரிச்சல் இல்லை. பார்க்கவும் தண்ணீர் மாதிரி இருந்தது. ஆகவே தண்ணீர்தான் என்று முடிவு கட்டிவிட்டார். சாயங்காலம் ஈரத்துண்டைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வருவார். அஜீசுன்னிசா அதைப் பிழிந்து, சோப்புப் போட்டுத் துவைத்துக் கொடியில் போடுவார்.

முதலில் கண்டுபிடித்தது பள்ளிவாசலில்தான். வெள்ளிக்கிழமை மதியம், தொழுகைக்கு முன்னால் கை கால் முகம் கழுவி ஒளு செய்ய எல்லோரும் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்தில் இருந்தவர் மாவு மில் தவ்ஃபீக். அவர் வாயை அவராலேயே மூட முடியாது.

"இன்னா பாய், கைல பெயிண்ட்டா? வெரல்ல தண்ணி படாம தடுத்துக்கினு கீது பாரு. அப்டியே ஒளு செஞ்சா செல்லாது."

பாய் குனிந்து பார்த்தார். வலது கையில் ஆள்காட்டி விரல் நுனியும் நடுவிரல் நுனியும் கறுத்திருந்தன. காலையில் கிளம்பும்போது இல்லாத கறுப்பு. தேய்த்தார், போகவில்லை. தொட்டியின் சிமெண்ட் விளிம்பில் உரசினார். தோல்தான் சிவந்தது, கறுப்பு அப்படியே நின்றது. பெயிண்ட் என்றால் நகத்தால் சுரண்டினால் வரும். இது சுரண்டுகிற இடத்தில் இல்லை. அன்று அவர் தொழுதது கூடியதா கூடவில்லையா என்ற சந்தேகத்தோடு வீட்டுக்கு வந்தார். மருதாணி போல வெறும் நிறமாக இருந்தால் பாதகமில்லை, மேலே படிந்த பூச்சாக இருந்தால் தண்ணீர் தோலைத் தொடாது. இது எந்த ரகம் என்று யாரைப் போய்க் கேட்பது?

அந்தச் சந்தேகம் தெருமுனை வரைதான் தாங்கியது. அதற்குள் அண்ணன் ஞாபகம் வந்துவிட்டது.

பாயின் அண்ணன் அப்துல் வஹாபுக்கும் சர்க்கரைதான். முதலில் கால் சுண்டுவிரல் கறுத்தது. வலியே இல்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். பிறகு ஆஸ்பத்திரியில் பாதத்தை எடுத்தார்கள், பிறகு முழங்கால் வரை. கடைசியில் ஆளே போய்விட்டார். கூடவே இருந்து பார்த்துக்கொண்டவர் அத்தாவுல்லா. அதனால் அவருக்குக் கறுத்த விரல் என்றால் ஒரே ஒரு அர்த்தம்தான்.

வலி இருக்கிறதா என்று யோசித்தார். இல்லை. அண்ணனுக்கும் இல்லை! சேஃப்டி பின்னை எடுத்து விரலில் குத்தினார். சுரீர் என்றது. அப்படியானால் உணர்ச்சி இருக்கிறது, அழுகவில்லை. ஆனால் கறுப்பு இருக்கிறதே? பத்து நாள் போல ஆனதும் ஆள்காட்டி விரல் வெளுக்க ஆரம்பித்தது. அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் கட்டைவிரல் கறுத்தது. அழுகுகிற விரல் ஆறுமா? ஆறினால் அது ஏன் பக்கத்து விரலுக்குக் குடிபோகிறது? மனுஷன் தலையைப் பிய்த்துக்கொண்டார்.

இதை எல்லாம் எனக்குச் சொன்னபோது நான் சொன்னேன், டாக்டரிடம் காட்டுங்கள் பாய் என்று.

"எங்கண்ணன் காட்டுனாரு. காலோட போனாரு, கால் இல்லாம வந்தாரு. நான் போவ மாட்டேன்."

"வேலை செய்யிற இடத்துல ஏதாவது பட்டிருக்குமோ?"

"அங்கதான் கெமிக்கலே கெடையாதே. அந்தப் பொண்ணு என்னிக்கும் பொய் பேசாதுப்பா. எலையும் தண்ணியும்தான். கொய்யா எலை பட்டா எவனுக்காவது வெரலு கறுக்குமா?"

கறுக்காது. நானும் அத்தோடு விட்டுவிட்டேன். அவரும் நானும் சேர்ந்து யோசித்ததில் இரண்டு பேருக்கும் மண்டை காய்ந்ததுதான் மிச்சம். "அஜீசுக்குத் தெரிய வேணாம், ஒடஞ்சு பூடுவா" என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு இறங்கினார்.

கீழ் வீட்டில் அதற்குப் பிறகு நடந்ததைப் பார்த்தால் யாருக்கும் விசித்திரமாக இருக்கும். பாய் வலது கையைச் சட்டைப் பையில் விட்டுக்கொண்டே நடமாடினார். வியாழக்கிழமை பிரியாணியை ஸ்பூனால் சாப்பிட்டார். கை முழுக்க மசாலா ஒட்டச் சாப்பிட்டால்தான் சாப்பிட்ட மாதிரி இருக்கும் என்று சொல்லும் மனுஷன்! அஜீசுன்னிசா ஏன் என்று கேட்கவில்லை. கேட்காதது அதைவிட விசித்திரம். அந்த அம்மாள் தட்டை வைத்துவிட்டு, கையை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு, சட்டென்று அடுக்களைக்குப் போய்விடுவார். தான் சாப்பிடுவது அங்கே, தனியாக.

பிறகு ஒரு நாள் அந்த அம்மாள் கையில் மருதாணி. பெருநாள் இல்லை, கல்யாணம் இல்லை, விருந்து இல்லை. பத்து விரலிலும் தொப்பி போட்ட மாதிரி அரைத்து அப்பியிருந்தார். அது வெளுக்க வெளுக்க மறுபடி அப்பினார்.

பாய் மாடி ஏறி வந்து என்னிடம் பொரிந்து தள்ளினார். "எனக்குக் கையே பூடும் போல கீது. இவளுக்கு மருதாணி கேக்குதா? இந்த வயசுல இன்னா சிங்காரம்? மூஞ்சி குடுத்துப் பேச மாட்றா. பக்கத்துல ஒக்கார மாட்றா. என்னாண்ட நாத்தம் வருதோ? இவளுக்குத் தெரிஞ்சு பூட்ச்சோ? அழுவுற கையப் பாத்து அருவருக்கிறாளோ?"

அந்தக் கடைசிக் கேள்வியை அவர் இரண்டு தடவை கேட்டார். கை போவதைவிட அதுதான் அவரை அதிகமாக வாட்டியது என்று எனக்குப் புரிந்தது. எனக்கு அஜீசுன்னிசா மேல் கோபம் வந்தது. இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியவருக்கு, புருஷன் கையைப் பையிலிருந்து எடுக்காததுகூடக் கண்ணில் படவில்லையா என்று.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, கீழே பாத்திரம் உருளும் சத்தம். அதைத் தொடர்ந்து பாயின் குரல். "எதுக்கு இத்தக் கரைக்கிறே? எதுக்குன்னு கேக்கறேன்ல!" நான் படியிறங்கி ஓடினேன். மருதாணிக் கிண்ணம் தரையில் கவிழ்ந்து கிடந்தது. அஜீசுன்னிசா கதவோரம் நின்று அழுதுகொண்டிருந்தார். அவர் மணிக்கட்டைப் பாய் பிடித்திருந்தார். கோபத்தில் பையிலிருந்து வலது கையை எடுத்ததையே அவர் கவனிக்கவில்லை.

இரண்டு கைகளும் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. பாயின் விரல் நுனிகள் கறுப்பு. அஜீசுன்னிசாவின் விரல்களில் பழைய மருதாணி ஆரஞ்சாக வெளுத்துப்போயிருந்தது. அதற்கு அடியில், அதே மாதிரி, அதே கறுப்பு.

பாய் மணிக்கட்டை விட்டுவிட்டார்.

"ஒனக்கும் சக்கர கீதா?" என்று கேட்டார் பாய்.

"எனக்கு ஏதுங்க சக்கர? போன மாசந்தான டெஸ்ட்டு எடுத்தாங்க. ஒண்ணும் இல்லன்னுட்டாங்க."

"அப்ப இது இன்னா?"

"ஒங்க கிட்டேர்ந்து வந்துட்ச்சுன்னு நெனச்சேன். ஒங்க வெரல அன்னிக்கே பாத்துட்டேன். நீங்க மறைச்சீங்க, நானும் பாக்காத மாறி இருந்துட்டேன்."

"சக்கர எங்கியாவது தொத்துமா அஜீசு?"

"தெர்லயேங்க. தொத்தாதா?"

தொத்தாது. அது எங்கள் மூன்று பேருக்குமே தெரியும். ஆனால் பயந்தவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் அப்போது தெரிவதில்லை. பாய் மெதுவாகத் திரும்பிக் கொடியைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அவருடைய துண்டு காய்ந்துகொண்டிருந்தது. அதில் திட்டுத் திட்டாகக் கறுப்பு. "அது எத்தப் போட்டாலும் போவ மாட்டேங்குது. மிசின் ஆயிலுன்னு நெனச்சேன்" என்றார் அஜீசுன்னிசா. இலையைக் கொதிக்க வைக்கும் இடத்தில் ஏது மிஷின் ஆயில்? பாய் துண்டை உருவி மூக்கில் வைத்து உறிஞ்சினார். சோப்பு வாசனை மட்டும்தான் வந்தது. அவர் முகத்தில் வந்த திகைப்பை நான் மறக்க மாட்டேன். காலமெல்லாம் கூடவே இருந்த மூக்கு அவரைக் கைவிட்டுவிட்டது.

மறுநாள் காலை மூன்று பேரும் ஷேர் ஆட்டோவில் சாத்தாங்காடு போனோம். கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஆட்டோ நின்று நின்று போனது.

செங்கொடி எங்களைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டு வந்தாள். பாய் இரண்டு கையையும் நீட்டினார். பக்கத்தில் அஜீசுன்னிசாவும் புர்காவுக்குள்ளிருந்து கையை நீட்டினார். செங்கொடியின் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

"ஐயோ, அண்ணா! கிளவுஸ் போடலையா நீங்க?"

"நீதானம்மா கெமிக்கலே இல்லன்னு சொல்லிக்கினே இருந்தே."

"அண்ணா, அது..." அவள் பக்கத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். "மத்தவங்க வெள்ளியைப் பொடியாக்க விஷம் மாதிரி மருந்தெல்லாம் போடுவாங்க. நாம அதுக்குப் பதிலா இலை போடறோம். அதைத்தான் நான் அப்படிச் சொன்னேன். ஆனா வெள்ளின்னு ஒண்ணு எங்கிருந்தாவது வரணும் இல்லையா? அந்த பாட்டில்ல இருக்கறது தண்ணி இல்ல. வெள்ளி உப்பைக் கரைச்சது. அது கெமிக்கல்தான் அண்ணா."

"நாத்தம் வர்லியே. எரியவும் இல்லியே."

"வராது. எரிச்சலும் உடனே தெரியாது. வெயில் பட்டாத்தான் தெரியும். இலை அண்டாவுல என்ன வேலை செய்யுதோ, அதை உங்க தோலே செஞ்சிருக்கு. வெள்ளி பொடிப்பொடியா ஆகி அங்கேயே தங்கிடுச்சு. அதான் கறுப்பாத் தெரியுது."

பாய் விரலைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார். "இதானா அந்த வெள்ளி?" என்று கேட்டார். பயமா, கோபமா, ஆச்சரியமா என்று பிரித்துச் சொல்ல முடியாத ஒரு குரல். "தோலுக்கு மேல படிஞ்சு கீதா, உள்ள கீதா?"

"உள்ளதான். மேல் தோல்லயே ஊறிடுச்சு. புதுத் தோல் வளந்தா தானா போயிடும்."

"அல்ஹம்துலில்லாஹ்" என்று பாய் நெஞ்சில் கை வைத்தார். அவருடைய தொழுகைகள் எல்லாம் தப்பித்தன என்பது அவளுக்கு எப்படித் தெரியும்? உள்ளே போனதற்கு ஏன் சந்தோஷப்படுகிறார் என்று புரியாமல் என்னைப் பார்த்தாள். அதை விளக்க எனக்கு அப்போது பொறுமை இல்லை. நான் அவளைத் திட்டத் தயாராக வந்திருந்தேன். திட்டவும் செய்தேன். வருகிறவன் போகிறவனிடம் எல்லாம் இலை, தண்ணீர் என்று பெருமை பேசத் தெரிந்தவளுக்கு, தினமும் பாட்டிலைத் தூக்குகிறவரிடம் அதில் என்ன இருக்கிறது என்று உட்காரவைத்துச் சொல்லத் தெரியாதா என்றேன். "கண்ணுல தெறிச்சிருந்தா..." என்று மட்டும் தனக்குள் சொல்லிக்கொண்டாள். கெட்டவள் இல்லை, அதுதான் என் கோபத்துக்கு வசதியாக இல்லை.

அண்ணன் கதை, மருதாணிக் கதை எல்லாவற்றையும் என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு எழுந்து அஜீசுன்னிசாவின் இரண்டு கைகளையும் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"அக்கா, உங்க விரல் கறுத்த அன்னிக்கே அண்ணன் கிட்ட சொல்லியிருந்தா, இது வியாதி இல்லைன்னு அப்பவே தெரிஞ்சிருக்கும். ஏன் மருதாணி வெச்சு மறைச்சீங்க? வெட்டிடுவாங்கன்னு பயமா?"

அஜீசுன்னிசா புருஷனைப் பார்க்காமல், தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"வெட்டுனா வெட்டிட்டுப் போறாங்க கண்ணு. அது இல்ல. இவுருக்கு கை பூட்ச்சின்னா நான் ஊட்டி வுடலாம்னு மனசத் தேத்திக்கினு இருந்தேன். அதுக்குள்ள எனுக்கும் கறுத்துட்ச்சு. என் கையும் பூடும்னு தெரிஞ்சா, நமக்கு யாரு ஊட்டுவான்னு இவுரு பயந்துடுவாரு. அதான் சொல்லல."

பாய் கொய்யா இலை மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார். அந்தக் கறுத்த விரல்களால் முகத்தை மூடிக்கொண்டு, நாங்கள் எல்லோரும் பார்க்க, சத்தம் போட்டு அழுதார்.